ஒரே பெயர், இரண்டு கணினிகள்

மடிக்கணினி வாங்கப் போகிறேன் என்று மகள் சொன்ன அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளிடம் ஏற்கெனவே ஒரு மேசைக் கணினி இருந்தது. எங்கள் ஊரான புந்தோங்கில், வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே, கட்டப்போகும் வீடுகளுக்கு அதில் படம் வரைந்து கொடுத்துச் சம்பாதித்தாள். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் சமையலறையில் ஆர்டர் கேக் சுடுவேன், அவள் முன்னறையில் சுவர்களையும் ஜன்னல்களையும் மாற்றிக்கொண்டிருப்பாள். மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊரை விட்டுப் போவதில்லை. மடிக்கணினி அப்படியா?

நினைத்தது சரிதான். தூரத்து ஜொகூரில் ஒரு நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. கட்டடம் எழும்பும் இடத்துக்கே போய், வீடு வாங்குபவர்கள் கண்முன்னால் படத்தை மாற்றிக் காட்ட வேண்டுமாம். சேமிப்பை எடுத்து மடிக்கணினியை வாங்கியும் விட்டாள்.

இரண்டு கணினிகளிலும் மூளை மாதிரி இருக்கும் புரோசசருக்கு ஒரே பெயர், ஒரே எண். கடைசியில் ஒட்டியிருந்த ஓர் எழுத்து மட்டும் வேறு. அது என்ன எழுத்து என்று விற்ற கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம் அண்ணன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அவருடைய தம்பியுடையது.

"பேரு ஒன்னுதான் அக்கா, ஆனா ரெண்டும் ஒன்னு இல்ல லா. டெஸ்க்டாப்புக்கு கரண்டு நெறைய, சூட்ட ஆத்துற காத்தாடியும் பெருசு. லேப்டாப்புக்கு ரெண்டும் கம்மி. ரொம்ப சூடானா அதுவே வேகத்த கொறச்சிக்கும்."

அப்படியானால் எதற்கு ஒரே பெயர் வைத்தார்கள்? என் வீட்டு அடுப்புக்கும் கல்யாண மண்டப அடுப்புக்கும் ஒரே எண் போட்டு விற்பார்களா? மட்டமானதா என்றால் இல்லை என்கிறார். சமமானதா என்றாலும் இல்லை என்கிறார். தூக்கிக்கொண்டு போக அதுதான் தோது என்று அவர் முடித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தம்பி கடையிலிருந்து வரவழைத்த, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

புரிந்தது ஒன்றே ஒன்று: இது அதைவிட மெதுவாகப் போகும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதையே பிடித்துக்கொண்டேன். அவளும் சளைக்கவில்லை, சோதித்தே பார்த்துவிடலாம் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்து ஒரே படத்தை ஓட்டவிட்டாள். ஒரு வீட்டின் வரவேற்பறை, திரையில் கட்டம் கட்டமாக முளைக்க வேண்டும். முதலில் இரண்டும் ஒன்றாகவே ஓடின. ஏன், சின்னது ஒரு கட்டம் முந்தியும் போனது. மெதுவானது எப்படி முந்தும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மடிக்கணினி மூச்சு வாங்கத் தொடங்கியது. கட்டங்கள் தயங்கித் தயங்கி வந்தன. பெரியது படத்தை முடித்தபோது சின்னதில் சோபாவுக்குக் கால்கூட முளைக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்? பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இப்படி நின்னா அங்க எல்லார் முன்னாலயும் அசிங்கமா போயிடும்மா. வரலன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் கை அதுபாட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கியது. அடிப்பக்கம் கொதித்தது. அங்கே வரிசையாகக் காற்றுத் துளைகள் இருந்தன, அவற்றை ஒரு டவல் அடைத்துக்கொண்டிருந்தது. மேசை கீறிவிடக் கூடாதென்று நான் விரித்த தடித்த டவல். எங்கள் வீட்டில் டிவி முதல் குளிர்பெட்டி வரை எதுவும் துணியில்லாமல் இருந்ததில்லை.

சமையலறைக்குப் போனேன். கம்பித் தட்டில் கேக் ஆறிக்கொண்டிருந்தது. சூடான கேக்கைச் சாதாரணத் தட்டில் வைத்தால் அடி வியர்த்து ஈரமாகிவிடும், கீழேயும் காற்று போக வேண்டும். கேக்கைப் பீங்கான் தட்டுக்கு மாற்றிவிட்டுக் கம்பித் தட்டைக் கொண்டுவந்தேன். டவலை உருவிவிட்டு அதன் மேல் கணினியை வைத்தேன். சூடு தணியட்டும் என்று சற்றுப் பொறுத்து, மறுபடி ஓட்டச் சொன்னேன். இம்முறையும் பெரியதுதான் ஜெயித்தது. ஆனால் சின்னது மூச்சு வாங்கி நிற்கவில்லை. கொஞ்சம் பின்னாலேயே வந்து முடித்துவிட்டது.

அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் போலாமாம்மா?"

"அந்தக் கம்பித் தட்ட மறக்காம எடுத்துட்டுப் போ" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பது அந்தக் கடைசி எழுத்தைப் போலவே எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் போய்விட்டாள். மேசைக் கணினி முன்னறையில் துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது. வேறு கம்பித் தட்டு இன்னும் வாங்கவில்லை. இன்று சுட்ட கேக்குக்கும் அடி வியர்த்துவிட்டது.