மருத்துவர் தடுப்புச் சங்கம்

நோய் வந்த பிறகு பார்க்கும் டாக்டரைத்தான் ஊருக்குத் தெரியும். வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் எங்களை யாரும் தேடி வருவதில்லை. அதனாலேயே புதுக்கோட்டையில் எங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினோம். நான் செயலாளர். ‘தடுப்பு மருத்துவர் சங்கம்’ என்று ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் வார்த்தையை இடம் மாற்றிவிட்டார். முதல் கூட்டத்தன்று மண்டப வாசலில் கட்டிய பிறகுதான் படித்தேன்: ‘மருத்துவர் தடுப்புச் சங்கம்.’

அவிழ்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோதே, ஆலங்குடி பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு கடலை விவசாயி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஸ்கேன் கவர். வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. அவரும் கையெழுத்துப் போட்டார். விதிப்படி பத்துப் பேர் வேண்டும். தலைவர் பத்து என்று எண்ணிக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். டாக்டர்கள் ஒன்பது பேர்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவரை வெளியே அனுப்பினால் கூட்டம் செல்லாது.

தேநீர் இடைவேளையில் அவரைத் தனியே அழைத்துப் போய், போர்டில் வார்த்தை இடம் மாறிய விஷயத்தைச் சொன்னேன். ஒரு மாதத்தில் நான்கு டாக்டரைப் பார்த்துவிட்டாராம்; ஒருவர் எழுதியதை அடுத்தவர் அடிக்கிறாராம். இப்படி ஒரு சங்கம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் வந்தாராம்.

“நீங்களும் டாக்டருதானாங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க. ஆனா நோயே வராம இருக்க வழி சொல்றவங்க.”

“அப்ப போர்டு சரியாத்தாங்க இருக்கு. டாக்டர்கிட்ட போகவிடாம தடுக்குறீங்கள்ல?”

என் படிப்பை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. என் மாமனாருக்கே இன்னும் விளங்கவில்லை.

அவருடைய மருந்துச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஒரே மாத்திரையை இருவர் வேறு வேறு பெயரில் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களிடமே போய்க் கேளுங்கள் என்றேன். சங்க விதியை நானே மீறிவிட்டதுபோல் பார்த்தார்.

மதியம் உப்பைக் குறைப்பது பற்றிய தீர்மானத்தை அவர்தான் வழிமொழிந்தார். சாப்பாட்டில் ஊறுகாயை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

பிறகு மாநிலத் தலைமையிலிருந்து அவருடைய மருத்துவப் பதிவு எண்ணைக் கேட்டுக் கடிதம் வந்தது. விவரம் கிடைத்ததும் அனுப்புகிறோம் என்று எழுதினேன். இன்றுவரை அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு முதல் ஆளாக அவர்தான் வருகிறார்.

சென்ற முறை துணைத்தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். நான்கு ஓட்டு விழுந்தது. ஒன்று அவர் போட்டது, ஒன்று நான் போட்டது. மற்ற இரண்டு யாருடையது என்று டாக்டர்கள் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.