மைதா பார்த்த பக்கம்

கால்நடை மருத்துவத்தில் நோயாளி பேசாது. கூட இருப்பவர் பொய் பேசுவார். அதனால் நான் யாரையும் லேசில் நம்புவதில்லை. நைனார்பாளையத்தில் வேலை பார்த்தபோது டிராக்டர் ஓட்டும் ஏழுமலை போன் செய்தார். அவர் செல்லமாக வளர்த்த வெள்ளை முயல் மைதா, எழுந்தாலே உருண்டு விழுகிறதாம். நேரில் போனேன்.

தலை இடப்பக்கம் திருகிச் சாய்ந்திருந்தது. கருவிழிகள் நிற்காமல் ஆடின.

"விஷம் வச்சிட்டாங்க டாக்டரம்மா. யார்னு அதுவே காட்டுது பாருங்க. காலைலேர்ந்து பக்கத்து வூட்டையே பாத்துக்கினு இருக்குது."

பக்கத்து வீட்டில் இருப்பவர் கலா. தினமும் மைதாவுக்குக் கொத்தமல்லி கொடுப்பவர். போலீசுக்குப் போவேன் என்று ஏழுமலை தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருந்தார்.

எனக்கு ஏழுமலை மேல்தான் சந்தேகம்.

"கீழ போட்டீங்களா? காதைப் பிடிச்சுத் தூக்கினீங்களா?"

"சத்தியமா இல்லீங்க."

சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். அடிபட்ட தடம் இல்லை. காதில் சீழ் இல்லை. விஷமென்றால் எச்சில் ஒழுகும், வலிப்பு வரும், அதுவும் இல்லை. பிறகு கூண்டைத் திருப்பி வைத்தேன். மைதா இப்போது ஏழுமலையைப் பார்த்தது.

"இப்ப இன்னா சொல்றீங்க? நீங்கதான் வச்சீங்களா?"

தலை திருகிய பக்கம்தான் அதன் பார்வை போகும், ஆளைக் காட்டுவதற்கில்லை.

மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணியாக இருக்கும் என்று ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்தேன். உருண்டு அடிபடாமல் சுற்றிலும் துண்டை அணைத்து வைத்தோம். ஆனால் தின்னாத முயலுக்குக் குடல் இயக்கம் நின்றுவிடும். மருந்து வேலை செய்வதற்குள் உயிர் போய்விடும். ஏழுமலை நீட்டிய எதையும் மைதா தொடவில்லை. சிரிஞ்சில் கொடுத்த கூழும் வழிந்துவிட்டது.

"யார் கையால தின்னும்?"

சுவரைப் பார்த்தார். "அந்த அம்மா கையாலதாங்க."

"அப்ப போய்க் கூப்புடுங்க."

கலா கொத்தமல்லிக் கட்டோடு வந்தார். அவர் கொடுக்கும் முன் ஏழுமலை ஒரு தழையைக் கிள்ளி, தன் வாயில் போட்டு மென்று பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலா கோபப்படவில்லை.

"போதுமாண்ணே? இல்ல, கட்ட முழுசா நானே துன்னு காட்டட்டா?"

மைதா யாருக்கும் காத்திருக்கவில்லை. படுத்தபடியே கலாவின் கையிலிருந்த காம்பை இழுத்தது.

வாரக்கணக்கில் மருந்து கொடுத்ததில் மைதா பிழைத்தது. சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகப்படுங்கள், ஆனால் உடம்பைத் தொட்டுப் பார்த்த பிறகு ஆளைச் சொல்லுங்கள்.

பிறகு ஒருமுறை போனபோது கலா கொத்தமல்லியோடு நின்றிருந்தார். முதல் தழையை ஏழுமலையிடம் நீட்டினார்.

"துன்னுட்டு சொல்லுண்ணே. அப்புறந்தான் அதுக்குக் குடுப்பன்."

தினமும் இப்படித்தானாம். ஏழுமலை தலைகுனிந்தபடி மென்றார்.