கறள் பார்க்கிற றோஸ்மேரி

வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டி, விரலில் வந்த துருக் கறளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே றோஸ்மேரி என் வீட்டுக்குள் வருகிறாள். கேற், வாளி, கூரைத் தகரத்து ஆணி, எதையும் விடமாட்டாள். குனிந்து பார்த்து, "இது எந்த இடத்தில துடங்கினது?" என்று கேட்பாள். தேத்தண்ணி குடிக்க வந்தவளுக்கு என் கேற்றின் பூர்வீகம் எதற்கு என்று எனக்கு எரிச்சல் வரும்.

மண்டபம் அகதி முகாமில் பிறந்து, சண்டை முடிந்தபின் தாயோடு எங்கள் மன்னார்த் தோட்டவெளிக்குத் திரும்பியவள். இப்போது இங்கிலாந்தில் ஆராய்ச்சி மாணவி. மூன்று கிழமை லீவில் வந்திருக்கிறாள். ஆராய்வது யுரேனியம் என்றதும் முன்வீட்டு எட்வேட் பதறிப்போனார்.

"குண்டோ செய்யிறாய் பிள்ளை?"

"இல்லை மாமா. ஐதரசன் பட்டால் யுரேனியம் எப்பிடி உக்குதெண்டு பாக்கிறன். கறள் மாதிரித்தான்."

"கறள் பாக்கவோ லண்டனுக்குப் போனனீ? மன்னாரில இல்லாத கறளோ!"

ஊர் சிரித்தது. விஷயம் சிரிப்பில்லை. மூடிவைத்த யுரேனியத்தில் ஐதரசன் பட்டால் கொப்புளம் கிளம்பும், வெடித்துத் தூளாகும், அந்தத் தூளில் காற்றுப் பட்டால் தீப்பற்றும். கொப்புளம் எங்கே, எத்தனை எழும்பும் என்பதில்தான் அவளுடைய நாலு வருஷம் போயிருக்கிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த இருபத்துநாலு படங்களில் கொப்புளங்களை அவள் எண்ணி எழுதியாயிற்று. அவளுடைய முடிவு தெரியாத இன்னொருவரும் வெள்ளிக்கிழமைக்குள் எண்ணவேண்டும் என்று பேராசிரியர் எழுதிவிட்டார். இரண்டும் ஒத்துவராவிட்டால் எல்லாம் முதலில் இருந்து; புலமைப்பரிசிலோ பங்குனியோடு முடிகிறது.

முடிவு தெரியாத ஆள் என்றால் தாய் லூர்தம்மாவை மிஞ்ச ஊரில் ஒருவரில்லை. கதிரையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு, செபமாலையோடு உட்கார்ந்தார்; பக்கத்தில் நான். ஒரு கொப்புளத்துக்கு ஒரு மணி. பத்து முடிந்தால் பெரிய மணியில் நின்று பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பத்து. யுரேனியத்துக்கு இந்த மரியாதை வேறெங்கும் கிடைத்திராது.

முதல் ஆறு படங்களில் பத்துக்குக் குறைவு, ஒத்துவந்தது. ஏழாவதில் மகளுக்கு நாற்பத்தொன்று, தாய்க்கு நாற்பத்தைந்து.

"பெரிய மணியையும் சேத்து எண்ணிப்போட்டியள் அம்மா. அதுதான் நாலு கூட."

"பரலோக மந்திரத்தில ஆரும் கொப்புளம் வைப்பினமோ, விசரி!" லூர்தம்மா படத்தின் ஓரத்தில் விரலை ஊன்றினார். "இஞ்ச பார், ஒரு கீறல். அதுக்குள்ள நாலு குஞ்சுக் கொப்புளம். நீ தூசியெண்டு விட்டிருப்பாய்."

றோஸ்மேரி பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். நாலும் இருந்தன. எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. அம்மா மணியில் தடுமாறிவிட்டார் என்று எழுதினால் இங்கிலாந்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

அவள் நாற்பத்தொன்றை வெட்டி நாற்பத்தைந்து என்று எழுதினாள். பிறகு மிச்சம் பதினேழு படங்களுக்கும் தான் எழுதிவைத்திருந்த எண்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனாள்.