வேர்வைக்குக் காத்திருந்த வீடு

கறுப்புக் கம்பளி அது. ஏலக்காய் மலையில் குளிருக்குப் போர்த்துவது, தொட்டாலே முள்ளாகக் குத்தும். போடிநாயக்கனூரில், சித்திரை மாதத்து மதியத்தில், மூன்று வயதுக் குழந்தையின் மேல் அதைப் போட்டு நாலு பக்கமும் செருகிவிட்டு ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அவர் என் மாமா. அம்மாவுக்கு அண்ணன், என் மனைவிக்கு அப்பா, குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் கங்காணி. கூலியாட்களை அதட்டிய குரலிலேயே மருமகனையும் அதட்டுவார். கம்பளிக்குள் இருந்தது என் மகன்.

மலைக்குப் போய்வந்தவனுக்கு உடம்பு சுட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. மலைக்காய்ச்சல். கீழே இறக்கு, கம்பளியைப் போர்த்து, மிளகுக் கசாயம் கொடு, வேர்த்தால் விட்டுவிடும். மகன் பிறந்தது மலையில், மாமா வீட்டில். அங்கே இருந்தவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தான். போடிக்குக் கொண்டுவந்த முதல் கோடையிலேயே கொதித்தான். மலைக்காய்ச்சல் எலும்பில் தங்கிவிட்டது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அதனால் கோடைதோறும் பிள்ளையை மலைப்பக்கமே விடாமல், போடி வெயிலில் வைத்து, கம்பளியில் சுற்றி அவித்தோம்.

வேர்வைதான் வரவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன். அடுப்புக்கல் மாதிரிக் காய்ந்து கிடப்பான். எனக்கோ பயத்தில் ஊற்றும். ஒருநாள் அவன் நெற்றியில் முத்து முத்தாக ஈரத்தைப் பார்த்துவிட்டு, "வேர்த்திருச்சு மாமா" என்று வீடே அதிரக் கத்தினேன். குனிந்து பார்த்தார். "இது ஒன் மூக்குல இருந்து சொட்டுனதுடா, கூறுகெட்டவனே. தள்ளி நில்லு."

பிள்ளைக்கு வலிப்பு வந்த அன்று நான் செய்த சாகசத்தையும் சொல்லிவிட வேண்டும். தெருமுனைக்கு ஓடி ஒரு ஜீப்பை மறித்து, ஏறி உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்கு வெரசா விடுண்ணே" என்றேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் டிரைவர் கேட்டார். "யாருக்குண்ணே ஒடம்பு சரியில்ல?" பிள்ளை வீட்டில் இருந்தான். நாங்கள் திரும்பி வந்தபோது மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அன்று அவர் சொன்ன வார்த்தைகளில் அச்சிடத்தக்கது ஒன்றே ஒன்று. "ஒங்க வீட்டு ரத்தம்டா இது. எங்க வம்சத்துல இப்படி ஒரு சீக்கு கெடையாது." அடுப்படியிலிருந்து அம்மா பதில் கொடுத்தாள். "அண்ணே, நான் என்ன ஆத்துல மெதந்தா வந்தேன்? ஒன் ரத்தந்தான இதுவும்."

உள்ளூர் டாக்டர் கைவிரித்து, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நானும் மனைவியும் மாமாவும் பிள்ளையோடு ரயிலேறினோம். தப்பு யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளவே மாமா வந்தார். அங்கிருந்த பெண் டாக்டர் மகனின் பூனைமுடித் தலையைத் தடவினார், வாயைத் திறந்து கூர்கூராக முளைத்திருந்த இரண்டே பற்களைப் பார்த்தார். பிறகு கேட்டார். "இவன் வேர்த்து எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார். மனைவிதான் சொன்னாள். "இவன் சட்டையில உப்புக்கறை இருந்ததே இல்ல டாக்டர்."

பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி இல்லை, உடம்புக்குத் தன் சூட்டைத் தானே இறக்கிக்கொள்ளத் தெரியாது என்றார் டாக்டர். அவரே புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். மருந்து கிடையாது. ஈரச்சட்டை போடுங்கள், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இருந்து வந்திருக்கலாம் என்றார். "எந்த ரெண்டு பக்கம்?" என்று மாமா சீறினார். டாக்டர் நிதானமாக, "உங்களுக்கு ஒரே பக்கந்தானே இருக்கு" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மனைவி துண்டை நனைத்து நனைத்துப் பிள்ளைமேல் போட்டுக்கொண்டு வந்தாள். தன் இளைய மகளை என் தம்பிக்குத் தருவதாக அதற்கு முன்பே மாமா வெற்றிலை மாற்றியிருந்தார். போடி ஸ்டேஷனில் இறங்கியதும் சொன்னார். "சின்னவள ஒன் தம்பிக்குக் குடுக்கல. ஒங்காத்தாட்ட சொல்லிரு."

"ஏன் மாமா?"

"குடுக்கலைன்னா குடுக்கல. மகளும் பேரனும் மலைக்கு வரட்டும். நீ வராத."

தம்பி ஊதாரி, சோலி பார்க்காதவன் என்று ஊரெல்லாம் சொன்னார். உண்மைக் காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. முறைப்பெண்ணை மறுத்த அண்ணன் முகத்தில் அம்மா சாகும்வரை முழிக்கவில்லை. நானும் அவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினோம். மகனை மலைக் குளிர் வளர்த்தது. இப்போது அங்கேயே ஜீப்பு ஓட்டுகிறான், பக்கத்து சீட்டில் ஒரு குடம் தண்ணீரோடு. அவன் கீழே இறங்கி வரும் நாளெல்லாம் அவனுக்கும் சேர்த்து நான் வேர்க்கிறேன்.

அன்று மறுத்த இளையவளை மாமா பின்னால் சிலமலையில், சொந்தம் விட்டு அசலில் கொடுத்தார். அவள் குழந்தைக்குக் காதுகுத்து, அதுவும் கோடையில். மனைவியின் வற்புறுத்தலால் போனேன். சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத அறையில், தொட்டிலருகே மாமா நின்றிருந்தார். தூங்கும் குழந்தையின் பிடரியில் இரண்டு விரலை வைத்தார். எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தார். விரல் ஈரத்தில் மின்னியது.

வாசலில் என்னைக் கண்டதும் முகம் கடுத்தது. பல வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"என்னடா பாக்குற? போயி பந்தியில ஒக்காரு."

நான் நகரும்வரை அந்த விரல்களை வேட்டியில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.