தூள் டின்னும் கத்துகிற தடியும்

யுத்தகாலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் பொழுதுபோக்காகச் செய்யக் கூடாத காரியங்களைப் பட்டியல் போட்டால், உலோகம் தேடும் கருவியோடு கடற்கரையில் உலாவுவது முதல் மூன்றுக்குள் வரும். மற்ற இரண்டும் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் இதை மட்டுந்தான் செய்தேன்.

அந்தக் கருவியை எங்கள்மேல் பிடிப்பார்கள், நாங்கள் பிடிப்பதில்லை. அதுதான் அக்கால வழக்கம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கைகளை விரித்துக்கொண்டு நின்றால், ஒருவர் அதை எங்கள் கக்கத்துக்குள்ளும் இடுப்பிலும் ஓட்டுவார். இடுப்புப் பட்டியில் வந்ததும் அது கீச்சிடும். அப்படி ஒரு காலைக் கீச்சில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. பித்தளைக் கொளுக்கியைக் கண்டுபிடிக்கிற சாமானுக்கு ஒன்பது பவுண் தாலிக்கொடியைக் கண்டுபிடிப்பதா பெரிய காரியம்?

அந்தத் தாலிக்கொடி என் மனைவியுடையது. அதை மண்ணுக்குள் தாட்டவன் நான். தாட்ட இடத்தைத் தொலைத்தவனும் நானே.

கலவரம் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகை வீடு. சந்தியில் புகை தெரிந்ததும் மனைவி பொட்டை அழித்தாள், கொடியைக் கழற்றினாள், குசினிக்குள் போய்வந்து சொன்னாள்:

"கொடியை என்ரை அம்மா தந்த தூள் டின்னுக்கை அடியிலை வைச்சிருக்கிறன். டின்னோடை கொண்டுபோய்த் தாட்டுப்போட்டு வாங்கோ. கெதியா."

குசினித் தட்டில் இரண்டு டின்கள் இருந்தன. இரண்டும் பால்மா டின்கள், ஒரே அளவு, ஒரே நிறம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து உத்தியோகம் பார்ப்பவன் வீட்டுக்கு வறுத்திடித்த கறித்தூள் ஊரிலிருந்துதான் வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். கல்யாணமானவனுக்கு அது இரண்டு தாய்மாரிடமிருந்தும் வரும். ஒன்று என் அம்மா அனுப்பியது, மற்றது மாமி அனுப்பியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு மணத்தால் பிரித்துச் சொல்வாள். நான் ஏழு மாதமாக இரண்டிலும் சாப்பிட்டு, "என்ரை அம்மாவின்ரை தூள் மாதிரி வராது" என்று நாள்தோறும் சொல்லிவந்தவன். அப்படிப்பட்டவன் எந்த டின் எவருடையது என்று வாய்திறந்து கேட்கலாமா? ஒழுங்கை முனையில் கூச்சல் கேட்கிற நேரத்திலும் மனிதனுக்கு மானம் இருக்கிறது.

அவள் தன் தாயின் டின்னைத்தான் அதிகம் பாவிப்பாள், அது கைக்கெட்டும் முன்வரிசையில்தான் இருக்கும் என்று தர்க்கரீதியாக முடிவுசெய்தேன். நிறைய வாசிக்கிறவனுக்கு இப்படித்தான் ஆபத்து வரும். முன்னால் நின்ற டின்னை மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றி, பின்வளவில் ஜாம் மரத்திலிருந்து ஏழு அடி அளந்து தாட்டேன். பின்னால் நின்றது என் அம்மாவுடையதுதானே என்று சாரத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மதிலேறிக் குதித்துப் பக்கத்து வீட்டிலும், பிறகு லொறியிலும், பிறகு அகதி முகாமாகிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்திலும் அந்த டின் என்னோடேயே வந்தது.

முகாமில் பெரிய கிடாரத்தில் பருப்பு வெந்தது. உப்பில்லை, உறைப்பில்லை. இரண்டாம் நாள் என் உள்ளத்தில் பெருந்தன்மை பொங்கியது. டின்னைச் சமையல்காரரிடம் முழுதாகக் கொடுத்து, "அம்மா இடிச்ச தூள், எல்லாத்தையும் போடுங்கோ" என்றேன். அன்று பருப்பைச் சாப்பிட்ட சனம் முகாமில் இருப்பதையே மறந்தது. சளி பிடித்துக் கிடந்த என் மனைவிக்கு மட்டும் மணமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. ஒரு கிழவர் விரலை நக்கிக்கொண்டு என்னைத் தேடிவந்து, "தம்பி, உம்மடை அம்மாவின்ரை கை பொன்" என்றார். அதற்குப் பிறகு பத்து வருடம் நான் போகாத விருந்தில்லை, இந்தக் கதையைச் சொல்லாத விருந்துமில்லை. மனைவி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

கப்பலில் ஊருக்குப் போய், இரண்டு வருடம் கழித்து வேலைக்காகத் திரும்பி வந்தோம். வாடகை வீடு எரிந்துபோய், வீட்டுக்காரி அதைத் திரும்பக் கட்டி முடித்திருந்தார். வளவை மண் கொட்டி மட்டப்படுத்தியிருந்தார்கள். ஜாம் மரத்தைக் காணவில்லை. ஏழு அடி ஞாபகம் இருந்தது. எதிலிருந்து ஏழு அடி என்பதுதான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு குழி வெட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "காணும், வாங்கோ" என்றாள். புதுக்கொடி செய்வோம் என்றபோது, "ஒண்டு இருக்கத்தானே, மண்ணுக்கை" என்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கருவியைச் செய்துதந்தவன் கொட்டாஞ்சேனையில் றேடியோ திருத்துகிற என் சிநேகிதன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு வெள்ளைக்காரர் வயலில் பழங்கால நாணயம் பொறுக்குகிற கட்டுரையும், கருவியின் படமும் இருந்தன. படத்தைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"செய்யலாம் மச்சான். ஆனா இதுக்குப் பற்றறி வேணும். கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் பற்றறியும் வேணாம். தொலைஞ்ச சாமானுக்கு அவர்தான் ஸ்பெஷலிஸ்ட். ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டுப் போயேன்."

"நான் சைவக்காரன்."

"அவர் உன்ட ஐடென்டிட்டி காட் கேக்க மாட்டார்."

மெழுகுதிரியும் கொளுத்தினேன், கருவியையும் வாங்கினேன். வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றின் நுனியில் வாளி மூடி, அந்த மூடியைச் சுற்றிச் செப்புக்கம்பி, நடுவில் சவர்க்காரப் பெட்டிக்குள் இரண்டு ட்ரான்ஸிஸ்டர்கள், காதில் ஹெட்போன். சும்மா இருக்கும்போது "ம்ம்ம்" என்று முனகும். உலோகத்தின் மேல் வந்தால் "ஈஈஈ" என்று கத்தும். பார்வைக்கு இதைவிடக் குற்றமான ஒரு சாமானை என் வாழ்நாளில் கண்டதில்லை. துண்டு துண்டாகக் கழற்றி, வாளிக்குள் போட்டு, மேலே கத்தரிக்காய் பரப்பி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

பழக வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காலைகள் போல ஒன்று பிறகு எனக்கு வாய்க்கவில்லை. ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் தண்டவாளத்தில் காலைக் கோச்சி, காதுக்குள் அந்த முனகல். யுத்தச் செய்தி சொல்லாத ஒரே றேடியோ அதுதான். சோடா மூடிகள், தூண்டில் ஈயம், தண்டவாள ஆணிகள், பழைய ராசா தலை போட்ட ஒரு செப்புச் சதம், ஒற்றைத் தோடு. தோடு தங்கமென்று நினைத்து ஒரு மணித்தியாலம் பணக்காரனாக இருந்தேன்.

நான்காவது ஞாயிறு ஒரு பொலிஸ்காரர் வந்தார். அவர் கையில் சாவடிக் கருவி.

"மே மொகத, மஹத்தயா?"

இது என்னவென்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்ல முயன்றேன். அந்த மொழியில் சாமான் வாங்குவேன், மன்னிப்புக் கேட்பேன். பொழுதுபோக்கை விளக்கிப் பழக்கமில்லை. அவர் தன் கருவியை என் கருவிமேல் பிடித்தார். அவருடையது கீச்சிட்டது. என்னுடையதும் கத்தியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. கடைசியில் அவர்தான் சிரித்தார். என் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பார்த்தார், ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துத் தன் தொப்பிச் சின்னத்தைச் சோதித்தார், பிறகு சொன்னார்: "ஒய வெட கெதரதி கரன்ன, மஹத்தயா." இதையெல்லாம் வீட்டில் வைத்துச் செய்யச் சொன்னார். அதோடு கடற்கரை முடிந்தது.

அந்த மாதமே பழைய வீட்டுக்காரி ஆளனுப்பினார். ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர். நாங்கள் மிஸ் என்போம். வளவைத் தொடர்மாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். அடுத்த கிழமை மண் வெட்டும் இயந்திரம் வருகிறது, தேடுவதானால் இப்போதே தேடுங்கள் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவியும் நானும் போனோம். அவள் அன்று புடவை உடுத்தியிருந்தாள். மண் கிண்டப் போகிறவள் எதற்குப் பட்டுக்கரைப் புடவை உடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

எரிந்த வீட்டு வளவில் கருவி கத்தாத இடமே இல்லை. கூரை ஆணி, கதவுப் பிணைச்சல், கரண்டி, என் சைக்கிளின் மணி. மிஸ் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மூன்றாவது மணித்தியாலத்தில் மதில் மூலையில் ஒரு நீண்ட, ஒரே சீரான கத்தல். அலவாங்கு போட்டுக் கிண்டினேன். ஒரு முழத்துக்குக் கிட்ட இறங்கியதும் கறுத்த பொலித்தீன் தெரிந்தது.

மனைவி மண்ணில் இருந்துவிட்டாள், புடவையோடு. நான் டின்னை அவள் மடியில் வைத்தேன். மூடி துருவேறிக் கையோடு வந்தது. உள்ளே தூள் கட்டியாகிக் கறுத்திருந்தது. அவள் விரலை அடிவரைக்கும் விட்டாள். திரும்பவும் விட்டாள். பிறகு டின்னை முழுதாகச் சேலைத் தலைப்பில் கவிழ்த்தாள்.

தூள்தான். வேறொன்றுமில்லை.

ஒரு கட்டியை உடைத்து மூக்கில் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"இது உங்கடை அம்மாவின்ரை தூள்" என்றாள். "பெருஞ்சீரகம் கூடப் போட்டிருக்கிறா."

 என் தலைக்குள் ஒரு கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப, முகாமிலை நீங்கள் குடுத்தது…"

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

மிஸ் என்ன கிடைத்தது என்று கேட்டார். கறித்தூள் என்றேன். அவரும் ஒரு கட்டியை எடுத்து மரியாதையாக மணந்து பார்த்தார்.

மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்; கண்ணிலும் நீர் வந்துகொண்டிருந்தது.

"பத்து வருஷமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள், அம்மாவின்ரை தூள், அம்மாவின்ரை தூள் எண்டு. அந்தக் கிழவர் கை பொன் எண்டு சொன்னது என்ரை அம்மாவை."

"ஒன்பது பவுண் போட்டுக் காய்ச்சினால் ஆருக்குத்தான் ருசிக்காது" என்றேன். மன்னிப்பாக நான் எடுத்து வைத்ததெல்லாம் அவ்வளவுதான்.

கொடி கிடாரத்தின் அடியில் கிடந்து யார் கைக்குப் போனதோ, தெரியாது. அந்த முகாமில் எல்லோருமே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். எடுத்தவர்மேல் எங்கள் இருவருக்கும் கோபம் வரவில்லை. கொட்டாஞ்சேனைச் சிநேகிதனிடம் போய்ச் சொன்னேன், அந்தோனியாரும் கைவிட்டார் என்று. அவன் ஈயம் உருக்கிக்கொண்டே சொன்னான்: "தொலைஞ்சா கண்டுபிடிச்சுத் தருவார். நீ தானம் குடுத்துட்டு வந்து கேட்டா அவர் என்ன மச்சான் செய்வார்?"

புதுக்கொடிக்குத் திரும்பவும் கேட்டேன். "வேண்டாம்" என்றாள். "கயிறு சாவடியிலை கத்தாது." அது மறுப்பா, மன்னிப்பா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

ஊருக்குப் போகிற ஒருவரிடம் தன் தாய்க்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டாள். கொடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூன்று வகுப்பறைச் சனம் விரல் நக்கிச் சாப்பிட்ட தூளைப் பற்றி இரண்டு பக்கம். மூன்று மாதம் கழித்து மாமியிடமிருந்து பதிலுக்கு ஒரு டின் வந்தது. மனைவி என் மேசையிலிருந்த சிவப்பு மை எடுத்து, ஒரு டின்னில் 'என் அம்மா' என்றும் மற்றதில் 'உங்கள் அம்மா' என்றும் தடித்த எழுத்தில் எழுதிக் குசினித் தட்டில் வைத்தாள்.

நான் இப்போது முதலில் வாசிக்கிறேன், பிறகு புகழ்கிறேன்.