சட்டையைக் கழற்றி ஓடிய இனிகோ

கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரிந்துவிடாதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்குவதற்கு லாஷிங் என்று பெயர். தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்த வேலையில் இனிகோவை மிஞ்ச ஆளில்லை. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் கம்பியின் அடியை நெஞ்சில் முட்டுக்கொடுத்துத்தான் மேல்முனையைக் கொக்கியில் மாட்டுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் நெஞ்சில் ஒரு தடிப்பு உண்டு. கம்பிக்கட்டி என்பார்கள். அது இல்லாதவனை வேலைக்காரன் என்றே சேர்க்க மாட்டார்கள்.

இடது மார்பில் கட்டி வந்தபோது இனிகோவும் கம்பிக்கட்டி என்றுதான் தைலம் தேய்த்தார். மாசக்கணக்கில் தேய்த்தார் மனுஷன். காம்பில் ரத்தம் கசிந்த பிறகு மனைவி பிளாரன்ஸ் அவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மார்பகப் புற்றுநோய் என்றார்கள். ஆம்பளைக்கும் வருமா என்று இனிகோ இரண்டு தரம் கேட்டார்.

மார்பை அறுத்து எடுத்து, மருந்து ஏற்றி, உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் "என்னலே, அடிக்கடி மதுரைக்குப் போற?" என்று கூட்டாளி அய்யாக்குட்டி கேட்டபோது, வெட்கத்தில் இனிகோ ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தார்.

"பிளாரன்ஸுக்குத்தாம்ல. மாருல கட்டி."

முடி கொட்டியதை வேளாங்கண்ணி மொட்டை என்று சமாளித்தார். பெண்டாட்டிக்காக மொட்டை போட்ட உத்தமர் என்ற பேர் வேறு கிடைத்தது. பிளாரன்ஸ் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மலை மாதிரி மனசு அவளுக்கு.

புற்றுநோய் நிதிக்காகக் கடற்கரைச் சாலையில் வருஷாவருஷம் பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டம் ஒன்று உண்டு. நடத்துபவர் ஜெஸ்லின் டீச்சர், அவரும் அதே நோயிலிருந்து மீண்டவர். போன வருஷம் அக்கம்பக்கத்தார் பிளாரன்ஸையும் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். இல்லாத நோய்க்கு அவள் ஓடினாள். கண்டவர்களெல்லாம் அவள் கன்னத்தைத் தடவிக் கண்ணீர் விட்டார்கள். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்ற இனிகோவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

இந்த வருஷம் அவரே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டீச்சர், நானும் ஓடணும்."

"அண்ணே, அங்க நம்ம பொம்பளப் பிள்ளைங்க சட்டைக்குள்ள பஞ்சு கிஞ்சு வச்சு மறைக்காம, அறுத்தது அறுத்தபடியே ஓடுதாளுவ. ஆம்பளைங்க வந்து வெறிச்சுப் பாத்தா ஒருத்தியும் வர மாட்டா."

அதுவும் நியாயம்தான். இனிகோ சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினார்.

"எனக்கும் அறுத்துருக்கு டீச்சர். பிளாரன்ஸுக்கு ஒண்ணுமில்ல."

டீச்சர் தானாக முடிவு சொல்லாமல் ஓடுகிற பெண்களைக் கூட்டி, இனிகோவை வைத்துக்கொண்டே கேட்டார். இன்றைக்கு ஒருவர் வந்தால் நாளைக்கு ஊரே வரும் என்று சிலர் முகம் சுளித்தார்கள். மீன் விற்கும் ஞானபாக்கியம்தான் எழுந்தாள்.

"வேடிக்கை பாக்க வாரவனைத்தான் வேண்டாம்னோம். இவரு நம்மள மாதிரி வெட்டுப்பட்டு வந்திருக்காரு. இவர வெளிய நிறுத்துனா நாம என்ன மனுஷி?"

நோய் கண்டவர் யாரானாலும் ஓடலாம், மற்றவர்கள் ஓரத்தில் நிற்கட்டும் என்று முடிவானது.

ஓட்டத்தன்று அய்யாக்குட்டி லாஷிங் கூட்டத்தையே திரட்டிக்கொண்டு பிளாரன்ஸுக்குக் கைதட்ட வந்திருந்தார். பார்த்தால் அவள் ஓரத்தில் நிற்கிறாள். கையில் இனிகோவின் செருப்பு.

"மைனி, நீங்க ஓடலையா?"

"எனக்கு ஒரு கேடும் இல்ல. அந்தா பாருங்க, ஓடுதது என் வீட்டுக்காரரு!"

சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, மெல்லிய பனியனோடு, பெண்களுக்கு நடுவில் இனிகோ நெஞ்சை நிமிர்த்தி ஓடிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் தட்டையாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஓடினார்.

மறுநாள் கேலியை எதிர்பார்த்தே வேலைக்குப் போனார். அய்யாக்குட்டி அவரை ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் தன் சட்டையைத் திறந்தார். மார்பில் இருந்த ஒரு தடிப்பைக் காட்டினார்.

"ஏலே, இது கம்பிக்கட்டிதானா? தொட்டுப் பாருல."

இனிகோ தொட்டுப் பார்த்தார்.

"எனக்கென்னலே தெரியும்? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நானும் வாரேன். யாருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அய்யாக்குட்டி பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எனக்குத்தாம்னு சொல்லுதேன்."