செத்தவீட்டில் விடைபெறும் முறை

நான் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் யாராவது இறந்தால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். மரணத்தைப் பதிய யாரிடம் என்ன கடிதம் வாங்க வேண்டும், எந்த ஐயர் சொன்ன நேரத்துக்கு வருவார், எல்லாம் எனக்குத் தெரியும். அழுவதைத் தவிர மற்ற அனைத்தையும் என்னிடம் ஒப்படைக்கலாம்.

ஆகவே, நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியின் சிநேகிதியுடைய தகப்பன் வேலைத்தலத்தில் மாரடைப்பால் இறந்தபோது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மகள் என் தலையில் கட்டினாள். அவர்களுடைய வீடு கிருலப்பனையில். ஓட்டோவிலேயே பாடத்தை முடித்தேன். எப்படி நடந்தது என்று கேட்கக் கூடாது. கதைக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். முக்கியமாக, புறப்படும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது. செத்தவீட்டுக்கு மறுபடியும் வருவதாகச் சொல்வது அபசகுனம். பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும்.

பேத்தி ஒரு பிழையும் விடவில்லை. சிநேகிதியின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். நான் கண் காட்டியதும் கையை விட்டுவிட்டு, திரும்பியும் பாராமல் வெளியே வந்தாள். வளர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு இது வராது. எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரத் தொடங்கியது. ஸ்கூல் வானில் என் பேத்திக்குப் பக்கத்தில் இருக்காமல் முன்சீட்டில் போய் இருந்துகொண்டதாம். பேத்தி சாப்பாட்டைத் தொடவில்லை. மகள் விசாரித்தாள். பேத்தி என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் சொல்லாமப் போயிட்டனாம் அம்மப்பா. அவளின்ர அப்பாவும் அண்டைக்கு விடியக் காலமை சொல்லாமத்தான் வேலைக்குப் போனவராம்."

மகள் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இதுக்கு ஒரு சர்க்குலரும் இல்லையோ அப்பா?"

அன்றைக்கு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பல்கனிக்கும் வாசற்கதவுக்குமாக நடந்தேன். இரண்டு உறவினர்களிடம் தொலைபேசியில் யோசனை கேட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்பாதே என்றார் ஒருவர். சின்னப்பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடும் என்றார் மற்றவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மறுபடி நடந்தேன். கீழே ரயில் போனபோது ஜன்னல்கள் அதிர்ந்தன, எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தமுறை பாடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை. சிநேகிதி தலை நிமிராமல் படம் கீறிக்கொண்டிருந்தாள். பேத்தியும் ஒரு தாளை எடுத்துக் கீறினாள். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தும் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

புறப்படும் நேரம் பேத்தி எழும்பி நின்று, கூடம் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்.

"நான் போயிட்டு வாறன். செவ்வாக்கிழமையும் வருவன்."

"அப்பிடிச் சொல்லப்படாது பிள்ளை," என்றார் மூலையிலிருந்த, சிநேகிதியின் பெரியம்மா. பிறகு, பெரிய மனிதன் நான் கண்டிப்பேன் என்று என்னைப் பார்த்தார்.

"சொல்லலாம்," என்றேன். "ஸ்கூல் வான் வந்து இறக்கினவுடன நான் கூட்டிக்கொண்டு வாறன்."

பெரியம்மாவின் முகம் போன போக்கில், அந்தக் குடும்பத்தில் என் மரியாதை முடிந்தது என்று தெரிந்தது. சிநேகிதி நிமிர்ந்து பேத்தியைப் பார்த்தாள். நம்பிய பார்வை என்று சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மழை கொட்டியது. காலி வீதி அசையவில்லை. எந்த ஓட்டோக்காரரும் கிருலப்பனைக்கு வரச் சம்மதிக்கவில்லை. சிங்களத்தில் கெஞ்சியும் பார்த்தேன். நாளைக்குப் போகலாமா என்று பேத்தியிடம் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் குடையை விரித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். ஹவ்லொக் வீதியைக் கடக்கும்போது என் சப்பாத்துக்குள் தண்ணீர். மூச்சு வாங்கியது. ஆனாலும் நிற்கத் தோன்றவில்லை.

சிநேகிதி பள்ளிக்கூடச் சட்டையோடு கேற்றடியில் நின்றாள்.

"பிந்திப்போச்சு," என்றாள்.

"மழை," என்றாள் பேத்தி.

சிநேகிதி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேற்றின் கொளுக்கியைக் கழற்றினாள்.